தூக்குமேடையில் தொடங்கிய விசுவாசம்

வாக்குப்பெட்டியின் கதை – 17

1885 நவம்பர் 22, ஞாயிற்றுக்கிழமை. கனடாவில் பிரெஞ்சு பேசும் கியூபெக் மாகாணத்தில், மான்ட்ரியல் நகரின் ஷான் த மார்ஸ் திடலில் சுமார் 50,000 பேர் திரண்டு நின்றார்கள். ஆறு நாட்களுக்கு முன்பு, திங்கட்கிழமை காலையில், மேற்கே வெகு தொலைவில் இருந்த ரெஜைனா என்ற ஊரில் லூயி ரியேல் என்ற மனிதரைக் கனடா அரசு தூக்கிலிட்டிருந்தது. அதற்கு நியாயம் கேட்கத்தான் அந்தக் கூட்டம்.

மேடையேறிய அரசியல் தலைவர் ஒனோரே மெர்சியே, தூக்கிலிடப்பட்டவரை ‘நம் சகோதரன்’ என்றார். அடுத்து, இரண்டு நாட்களுக்கு முன்புதான் 44 வயது நிறைந்த ஒரு வழக்கறிஞர் பேசினார். சஸ்கட்சுவான் ஆற்றங்கரையில் பிறந்திருந்தால் தானும் தோளில் துப்பாக்கி ஏந்தியிருப்பேன் என்றார் அவர். பெயர் வில்ஃப்ரிட் லோரியே. லிபரல் கட்சிக்காரர். அன்று மாலை அந்தத் திடலிலிருந்து கலைந்து வீடு திரும்பியவர்களின் பேரன்களும் கொள்ளுப் பேரன்களும் பல பத்தாண்டுகள் அந்தக் கட்சிக்கே ஓட்டுப் போட்டார்கள்.

ஒரு குடும்பம் நிலத்தையும் நகையையும் பிள்ளைகளுக்கு விட்டுச் செல்வதுபோல ஒரு கட்சியையும் ஏன் விட்டுச் செல்கிறது? இந்த வாரம் கனடாவை வைத்து அதைப் பார்ப்போம்.

முதலில் ரியேல். கனடாவின் மேற்குச் சமவெளியில் மெட்டிஸ் என்றொரு மக்கள் இனம் உண்டு. பூர்வகுடித் தாய்களுக்கும் பெரும்பாலும் பிரெஞ்சு வணிகர்களான தந்தையருக்கும் பிறந்தவர்களின் வழிவந்தவர்கள். அவர்களைக் கேட்காமலே அவர்கள் மண்ணைக் கனடா வாங்கிக்கொள்ள முற்பட்டபோது, 1869-இல் ரியேல் எழுந்து நின்றார். அந்தப் போராட்டத்தின் விளைவாகத்தான் 1870-இல் மனிடோபா மாகாணம் உருவானது. அதே ஆண்டு மார்ச்சில் தாமஸ் ஸ்காட் என்ற ஒன்டாரியோ புராட்டஸ்டன்டை ரியேலின் தற்காலிக அரசு சுட்டுக் கொன்றது. ஒன்டாரியோ அதை மறக்கவே இல்லை. நாடாளுமன்றத்துக்கு மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டும் ரியேலால் ஒருநாள்கூட இருக்கையில் அமர முடியவில்லை. அமெரிக்காவின் மொன்டானாவில் பள்ளி ஆசிரியராக வாழ்ந்துகொண்டிருந்தவரை, 1884-இல் மெட்டிஸ் தலைவர்கள் குதிரைகளில் தேடிப் போய் அழைத்து வந்தார்கள். அடுத்த ஆண்டு கிளர்ச்சி. பட்டோஷ் என்ற ஊரில் தோல்வி. பிறகு தேசத்துரோக வழக்கு.

விசாரித்த ஜூரிகள் ஆறு பேர். ஆறு பேரும் ஆங்கிலம் பேசும் புராட்டஸ்டன்டுகள். குற்றவாளி என்று சொன்ன அவர்களே கருணை காட்டும்படியும் கேட்டுக்கொண்டார்கள். பிரதமர் ஜான் ஏ. மக்டொனால்ட் இணங்கவில்லை. அவர் கன்சர்வேட்டிவ் கட்சி. அவருடைய அமைச்சரவையில் கியூபெக்கின் பிரெஞ்சு அமைச்சர்கள் மூவர் இருந்தார்கள். ஒருவரும் பதவி விலகவில்லை. கியூபெக் மனதில் ஆழமாகத் தைத்தது அதுதான் என்று நினைக்கிறேன். அந்நியன் தீர்ப்பெழுதினான், நம் வீட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தக் காலத்தில் கட்சி என்பது ஊருக்கே தெரிந்த அடையாளம். 1878 பொதுத்தேர்தலுக்கு முன்பு கனடாவின் பெரும்பாலான இடங்களில் ரகசிய வாக்கெடுப்பே கிடையாது. வாக்காளர் மேடைமுன் போய் நின்று வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். கடன் கொடுத்தவர், வேலை கொடுத்தவர், பக்கத்து வீட்டுக்காரர் என எல்லோரும் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நாலு பேர் முன்னால் ஒருமுறை சொன்ன பெயரை அடுத்த தேர்தலில் மாற்றிச் சொன்னால் ஊர் என்ன பேசும்? 1874-இல் சட்டம் வந்து ஓட்டு ரகசியமான பிறகும், யார் வீடு எந்தக் கட்சி என்பது ரகசியமாகவில்லை. கியூபெக்கில் லிபரல்கள் சிவப்பு, கன்சர்வேட்டிவ்கள் நீலம். சிவப்புக் குடும்பம், நீலக் குடும்பம் என்றே பேச்சு வழக்கு. வானுலகம் நீலம், நரகம் சிவப்பு என்று பாதிரியார்கள் நினைவூட்டுவார்களாம்!

வயிற்றுப்பாடும் கட்சியோடு கட்டப்பட்டிருந்தது. அஞ்சல் நிலையப் பொறுப்பு, சுங்கச்சாவடி வேலை, கலங்கரை விளக்கக் காவல் எல்லாம் ஆளுங்கட்சி கைகாட்டியவருக்கே. ஆட்சி மாறினால் வேலையும் கை மாறும். 1908-இலும் 1918-இலும் வந்த சட்டங்கள்தான் அந்த வழக்கத்தை ஒடுக்கின. ஆனால் சலுகை மட்டும் இத்தனை நீண்ட விசுவாசத்தை விளக்கப் போதாது. சலுகை நின்றால் பற்றும் நின்றிருக்க வேண்டும். கியூபெக்கில் அது வளர்ந்தது.

ரியேலின் மரணம் உடனே ஆட்சியைக் கவிழ்க்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். 1887-இலும் 1891-இலும் மக்டொனால்டே வென்றார். ஆனால் கியூபெக்கில் அவர் கட்சியின் அஸ்திவாரம் அரிக்கத் தொடங்கிவிட்டது. 1896 தேர்தலில் உண்மையான சோதனை வந்தது. மனிடோபாவில் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு நிறுத்தப்பட்ட அரசு நிதியைச் சட்டம் போட்டு மீட்டுத் தருவோம் என்றது கன்சர்வேட்டிவ் கட்சி. கியூபெக் ஆயர்கள் அந்தச் சட்டத்தின் பக்கம் நின்றார்கள். கத்தோலிக்க மாகாணம், ஆயர்களின் சொல், கத்தோலிக்கப் பள்ளிகளின் உரிமை மூன்றும் ஒரே திசையைக் காட்டின. மக்கள் எதிர்த்திசையில் நடந்தார்கள். 65 தொகுதிகளில் 49, அப்போது லிபரல் கட்சித் தலைவராகியிருந்த லோரியேக்கு. பேசிப் பார்த்துச் சமரசம் காண்போம் என்ற நம்மவர், சட்டம் போடுவோம் என்ற மற்றவரைவிட மேல் என்று தீர்மானித்தார்கள்.

ரியேல் கீறிவிட்ட காயம் 1917-இல் மறுபடி திறந்தது. இந்தத் தேர்தலைச் சற்று நின்று பார்க்க வேண்டும். கனடாவின் அரசியல் வரைபடத்தை இவ்வளவு ஆழமாகக் கீறிய தேர்தல்கள் வெகு சில.

முதல் உலகப்போர். தாமாக முன்வந்து படையில் சேர்ந்தவர்கள் போதவில்லை. கன்சர்வேட்டிவ் பிரதமர் ராபர்ட் போர்டன் கட்டாய ராணுவச் சேவைச் சட்டத்தைக் கொண்டுவந்தார். பிரிட்டனுக்காக ஐரோப்பாவில் போய் ஏன் சாக வேண்டும் என்று கேட்டது கியூபெக். தேர்தலுக்கு முன் போர்டன் இன்னொரு சட்டமும் போட்டார். எதிரி நாடுகளில் பிறந்து, 1902 மார்ச்சுக்குப் பிறகு கனடாவில் குடியுரிமை பெற்றவர்களிடமிருந்து வாக்குரிமை பறிக்கப்பட்டது. அதே சட்டம் படைவீரர்களின் மனைவி, தாய், சகோதரி, மகளுக்கு வாக்குரிமை தந்தது. கனடாவின் கூட்டாட்சித் தேர்தலில் பெண்கள் பெருவாரியாக வாக்களிக்க வந்தது இந்தக் கணக்கின் வழியாகத்தான். யாருக்கு ஓட்டு இருக்கலாம் என்பதை வெற்றியை மனதில் வைத்து முடிவு செய்வது ஜனநாயகத்துக்குச் செய்யும் துரோகம். எந்த நாடு செய்தாலும் அப்படித்தான் சொல்லுவேன்.

ஆங்கிலம் பேசும் லிபரல்கள் பலர் லோரியேயை விட்டுப் போர்டனின் கூட்டணிக்குப் போனார்கள். 76 வயதில், தான் வளர்த்த கட்சி கண்ணெதிரே பிளந்ததைப் பார்த்தார் லோரியே. டிசம்பர் 17 அன்று வாக்குப்பதிவு. போர்டனுக்கு 153 இடங்கள், லோரியேக்கு 82. அந்த 82-இல் 62 கியூபெக்கிலிருந்து வந்தவை. கியூபெக்கில் மொத்தமே 65. ஒன்டாரியோவில் பெர்லின் என்ற ஜெர்மானிய வம்சாவளியினரின் நகரம் ஒன்று. முந்தைய ஆண்டுதான் அதன் பெயரைக் கிச்சனர் என்று மாற்றியிருந்தார்கள். அந்த ஊரின் தொகுதியும் போர்டனை நிராகரித்தது.

அடுத்த வசந்தத்தில், ஈஸ்டர் வாரத்தில், கியூபெக் நகரத் தெருக்களில் கலவரம். அடக்க வந்தது ஒன்டாரியோவிலிருந்து வரவழைக்கப்பட்ட படை. 1918 ஏப்ரல் 1 இரவு துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் செத்து விழுந்தார்கள். அந்த இடத்துக்கு அருகே இன்று ஒரு நினைவுச் சின்னம் நிற்கிறது.

லோரியே 1919 பிப்ரவரியில் மறைந்தார். 1921 தேர்தலில் லிபரல் கட்சியை மெக்கன்ஸி கிங் நடத்திச் சென்றார். பிரெஞ்சு பேசாத மனிதர், கியூபெக்குக்கு அந்நியர். கியூபெக் அவருக்கு 65-க்கு 65 கொடுத்தது. எதிரே நின்றவர் கட்டாய ராணுவச் சட்டத்தை எழுதிய ஆர்தர் மீகன். இதற்கு மேல் விளக்கம் தேவையா?

விசுவாசம் என்றதும் அன்பு, நன்றி, கொள்கை என்றெல்லாம் நினைக்கிறோம். கனடாவின் வரலாற்றைப் புரட்டும்போது எனக்கு வேறொன்று தெரிகிறது. ஒரு கட்சியை விடாமல் பற்றுவதற்கு, இன்னொரு கட்சி செய்த காயத்தை மறக்க முடியாததே பெரிய காரணம். 1942-இல் இது மறுபடி நிரூபணமானது. கட்டாய ராணுவச் சேவை இல்லை என்ற வாக்குறுதியிலிருந்து தன்னை விடுவிக்கும்படி கிங் பொதுவாக்கெடுப்பு நடத்தினார். கியூபெக்கில் 70 சதவீதத்துக்கும் மேல் ‘இல்லை’ என்றார்கள். 1944 இறுதியில் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டவர்களைக் கிங் கடல் கடந்து அனுப்பியே விட்டார். ஆனாலும் 1945-இல் கியூபெக் லிபரல்களையே தேர்ந்தெடுத்தது. கிங் தயங்கித் தயங்கிச் செய்ததை, மற்றவர்கள் தாமதமில்லாமல் செய்யச் சொன்னார்கள் என்பது அவர்களுக்குத் தெரியும்.

இதே கியூபெக் மக்கள் மாகாணத் தேர்தலில் என்ன செய்தார்கள் தெரியுமா? 1944 முதல் 1956 வரை நான்கு தேர்தல்களிலும் மொரிஸ் டூப்லெஸியின் யூனியன் நாசியோனாலை ஆட்சியில் அமர்த்தினார்கள். 1948-இல் 92 இடங்களில் 82 அவருக்கு. லிபரல் கட்சியின் பரம எதிரி அவர். ஒட்டாவாவுக்கு ஒரு கட்சி, கியூபெக் நகரத்துக்கு ஒரு கட்சி. இரண்டையும் தங்களைக் காக்கும் வேலிகளாகவே பார்த்தார்கள்.

அரசியல் அறிஞர்களைக் கனடா திணறடித்ததும் இதனால்தான். கட்சிப் பற்று இளவயதில் வீட்டில் ஊறுவது, எளிதில் மாறாதது என்ற கோட்பாடு அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்திலிருந்து 1960-இல் வந்தது. கனடாவில் 1965 முதல் தேர்தல் ஆய்வுகள் நடக்கின்றன. அவற்றை வைத்து ஜான் மைசல் போன்றவர்கள் சொன்னது, இங்கே ஓட்டு மாறும்போது பற்றும் கூடவே மாறுகிறது என்பதுதான். இன்னொரு புதிர் கத்தோலிக்கர்கள். கியூபெக்குக்கு வெளியேயும் அவர்கள் நெடுங்காலம் லிபரல் பக்கமே நின்றார்கள். இத்தனைக்கும் 1892-இல் முதல் கத்தோலிக்கப் பிரதமரைத் தந்தது கன்சர்வேட்டிவ் கட்சி! கத்தோலிக்கர்களும் ஐரோப்பியரல்லாத வம்சாவளியினருமே லிபரல் வெற்றிகளின் இரு தூண்கள் என்று 2005-இல் எழுதிய ஆந்த்ரே ப்ளே, முதல் தூணுக்கு முழுக் காரணம் பிடிபடவில்லை என்பதையும் ஒப்புக்கொண்டார்.

நன்றியால் விளைந்த விசுவாசமும் உண்டு. சமவெளி மாகாணங்களில் கோதுமை தேங்கிக் கிடந்த காலத்தில், கன்சர்வேட்டிவ் பிரதமர் ஜான் டீஃபன்பேக்கரின் அரசு 1961-இல் சீனாவுக்குக் கோதுமை விற்றது. உழவர்கள் அதை மறக்கவில்லை. அந்த நன்றியின் மேல் 1980-இல் கோபமும் சேர்ந்தது. பியர் ட்ரூடோவின் லிபரல் அரசு கொண்டுவந்த எண்ணெய்க் கொள்கையைத் தங்கள் வளத்தின் மேல் விழுந்த கை என்று ஆல்பர்ட்டா பார்த்தது. இன்றைக்கும் அங்கே லிபரல்களுக்கு இடம் கிடைப்பது அபூர்வம்.

நம்மவர்களுக்கும் இதில் ஓர் அத்தியாயம் இருக்கிறது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கரையருகே இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத்தமிழர்களை மீனவர்கள் கண்டு மீட்டார்கள். அவர்களை ஏற்றுக்கொண்டது கன்சர்வேட்டிவ் பிரதமர் பிரையன் மல்ரோனியின் அரசு. 2010-இல் எம்.வி. சன் சீ கப்பலில் 492 பேர் வந்தபோது அவர்களைச் சிறைவைத்தது இன்னொரு கன்சர்வேட்டிவ் அரசு. முதல் தமிழ் எம்.பி.யான ராதிகா சிற்சபைஈசன் 2011-இல் புதிய ஜனநாயகக் கட்சியில் வென்றார். 2015-இல் வென்ற ஹரி ஆனந்தசங்கரி லிபரல். எந்த நினைவு மேலோங்கும் என்பதை அங்கே வளரும் பிள்ளைகள் தீர்மானிப்பார்கள்.

இனி, விசுவாசம் உடைவது. 1980-இல் கியூபெக்கின் 75 தொகுதிகளில் 74 லிபரல்களுக்கு. மறு ஆண்டு நவம்பரில், கியூபெக்கின் ஒப்புதல் இல்லாமலே புதிய அரசியல் சாசனத்துக்கு மற்ற ஒன்பது மாகாணங்களுடன் ட்ரூடோ உடன்பாடு கண்டார். 1984-இல் லிபரல்களுக்கு மிஞ்சியது 17. கியூபெக்கின் பே-கோமோ ஊர்க்காரரான மல்ரோனிக்கு 58. ஒரு நூற்றாண்டு விசுவாசம் ஒரே இரவில் இடிந்தது. அதைக் கட்டியதும் காயம், இடித்ததும் காயம்.

மல்ரோனி கியூபெக்கையும் மேற்கையும் ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்தார். கூரை நிற்கவில்லை. 1986-இல் போர் விமானப் பராமரிப்பு ஒப்பந்தம் ஒன்று, குறைந்த விலை கேட்ட வினிபெக் நிறுவனத்துக்குக் கிடைக்காமல் மான்ட்ரியலுக்குப் போனது, மேற்கு கொதித்தது. கியூபெக்கைச் சாசனத்துக்குள் அழைத்துவரும் மீச் லேக் உடன்பாடு 1990-இல் தோற்றது, கியூபெக் விலகியது. மேற்கில் ரிஃபார்ம் கட்சி, கியூபெக்கில் ப்ளாக் கெபெக்வா என்று புதிய கட்சிகள் முளைத்தன.

1992 மார்ச்சில் மல்ரோனியின் அரசு நாடாளுமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தது. லூயி ரியேலை மனிடோபாவின் நிறுவனர் என்று அது அங்கீகரித்தது. தூக்கிலிட்ட கட்சியே 107 ஆண்டுகள் கழித்து முன்மொழிந்த தீர்மானம். அடுத்த ஆண்டு அக்டோபர் 25 அன்று பொதுத்தேர்தல். முந்தைய தேர்தலில் 169 இடங்கள் வென்ற அந்தக் கட்சிக்கு நாடு முழுவதும் கிடைத்தவை இரண்டே தொகுதிகள். கியூபெக்கில் ஒன்று.

(தொடரும்)