தூக்க முடிந்த படகும் தூக்க முடியாத கப்பலும்

சிறு படகொன்றின் அடிப்புறத்துக்கு வர்ணம் பூச முனையும்போது முதலில் எதிர்ப்படும் தடை டிரெய்லர்தான். அதன் தாங்குகட்டைகள் படகைத் தொடும் இடங்களில் தூரிகை நுழையாது. ஆகவே படகைத் தூக்கியாக வேண்டும். அணியத்தை ஜாக்கியால் சிறிது உயர்த்தி, அடிமரத்தின் கீழ் கட்டைகளை அடுக்கி, இருபுறமும் முட்டுக் கொடுத்து, டிரெய்லரை மெல்ல உருவி எடுக்கிறோம். எடை முழுவதும் அடிமரத்தின் வழியே இறங்க வேண்டும். முட்டுகள் படகு சாயாமல் காப்பதற்கு மட்டுமே. அரை நாளில் முடியும் இவ்வேலைக்குப் பின்னால் நீண்டதொரு வரலாறு உண்டு.

கடலில் கிடக்கும் மரம் இரையாகும். சுண்ணாம்புக் கூடு கட்டி ஒட்டிக்கொள்ளும் கொட்டலசுகள் கலத்தின் வேகத்தைக் குறைக்கின்றன. கப்பல் புழுவோ மரத்தை உள்ளிருந்து துளைத்துவிடுகிறது. பெயரில்தான் அது புழு. இனத்தால் சிப்பிக்கு உறவு. பண்டைய மாலுமிகள் இவற்றுக்குக் கண்ட மருந்து கரைதான். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் ஏதென்ஸ் கடற்படைக் கல்வெட்டுகள் பிரேயஸின் மூன்று துறைகளில் 372 கப்பல் கொட்டகைகளைக் கணக்கிடுகின்றன. வேலையற்ற நாட்களில் போர்க்கலங்கள் அங்கே கரையேறி உலர்ந்தன.

கப்பல்கள் பெருத்தபின் இவ்வழி அடைபட்டது. தூக்க முடியாததைச் சாய்க்கத் தொடங்கினார்கள். அதன் அபாயத்தை உலகறியச் செய்தது ஆங்கிலேயரின் 'ராயல் ஜார்ஜ்'. 1782 ஆகஸ்ட் 29 அன்று ஸ்பிட்ஹெட்டில் நங்கூரமிட்டு நின்ற அந்த 100 பீரங்கிக் கப்பலை, நீர்மட்டத்துக்குக் கீழிருந்த பழுதொன்றைச் சீராக்குவதற்காக ஒருபுறம் சாய்த்திருந்தார்கள். அது நிமிரவேயில்லை. எண்ணூறுக்கும் மேற்பட்டோர் மூழ்கினர். விசாரணை மன்றம் உளுத்த மரத்தைக் குற்றம் சொன்னது. அளவுக்கு மீறிச் சாய்த்ததே காரணம் என்போரும் உளர்.

அடிப்புறத்தை அடிக்கடி வெளியே கொணராமலே காக்கும் வழியொன்றுக்கான சோதனை அதற்கு இருபது ஆண்டுகள் முன்பே தொடங்கியிருந்தது. 1761இல் 'அலாரம்' என்ற போர்க்கப்பலின் அடியில் செப்புத் தகடு அறைந்து மேற்கிந்தியக் கடலுக்கு அனுப்பினர். 1763இல் ஆராய்ந்தபோது புழு தீண்டியிருக்கவில்லை. ஆனால் இரும்பு ஆணிகள் அரித்துக் கரைந்திருந்தன. தகட்டைச் சுற்றி வந்த பழுப்புக் காகிதம் இடையில் சிக்கியிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் பிழைத்திருந்தன. செம்பும் இரும்பும் கடல்நீரில் தொட்டுக்கொண்டால் இரும்பு அழியும் என்ற பாடத்தை ஒரு காகிதத் துண்டு கற்பித்தது.

1824இல் ஹம்ப்ரி டேவி இப்பாடத்தைத் தலைகீழாக்கினார். செப்புத் தகட்டோடு துத்தநாகத்தையோ இரும்பையோ இணைத்து, அவை அழியச் செம்பைக் காத்தார். செம்பு கரையவில்லை, ஆனால் பாசியும் கொட்டலசும் மண்டின. கரைந்து கடலில் நஞ்சாவதனால்தான் செம்பு கப்பலைக் காக்கிறது என்பது அப்போது வெளிப்பட்டது.

இரும்புக் கப்பல்களில் செப்புத் தகட்டை நேரடியாக அறைய இயலாது. தகட்டின் வேலையை, நஞ்சைச் சிறுகச் சிறுகக் கசியவிடும் வர்ணங்கள் ஏற்றன. 1960களில் பரவிய டிரைபியூட்டைல்டின் அவற்றுள் மிக வலியது. அதன் விளைவாகப் பிரான்சின் ஆர்க்கஷோன் வளைகுடாவில் சிப்பி வளர்ப்பு நொடித்தது. பெண் நத்தைகளுக்கு ஆண் உறுப்பு முளைத்தது. 1982இல் பிரான்ஸ் முதலில் கட்டுப்படுத்தியது 25 மீட்டருக்குக் குறைந்த படகுகளைத்தான். ஆழமற்ற துறைகளில் நெருங்கிக் கிடப்பவை அவையே. கப்பல்கள் அனைத்துக்குமான உலக உடன்படிக்கை 2001இல் உருவாகி, 2008 செப்டம்பர் 17 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது.

செம்பு இன்றும் பெரும்பாலான அடிவர்ணங்களில் இருக்கிறது. கரைந்தே அது காக்கிறது. கரைந்தது போய்ச் சேருமிடமும் கடல்தான். வாரக்கணக்கில் நீரில் மிதக்கும் படகுக்கு அது தேவைப்படலாம். சவாரி முடிந்ததும் டிரெய்லரேறிக் கரைக்கு வந்துவிடும் படகுக்கோ நஞ்சு வர்ணமே வேண்டியதில்லை. காற்றும் வெயிலும் போதும். ஏதென்ஸின் கொட்டகைக்காரர்கள் அறிந்திருந்த மருந்து அது. பெரிய கப்பல்கள் இழந்துவிட்ட அந்த வசதி சிறு படகுக்கு இன்னும் மிஞ்சியிருக்கிறது. வர்ண டப்பாவைத் திறக்குமுன் நாம் அதை எண்ணிப்பார்ப்பது நல்லது.