தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்

தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் சென்னையைச் சேர்ந்த இசைக்குழு. கானா, ராப், ராக், பறை எல்லாம் கலந்த இசையில் சாதி ஒழிப்பைப் பாடுகிறது. 2017-இல் இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து இதைத் தொடங்கின. பெயர் ஆங்கிலத்தில் இருந்தாலும் வேர் தமிழில்தான் இருக்கிறது. ஒடுக்கப்பட்ட மக்கள் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தங்களைச் சாதியற்றவர்கள் என்றே பதிய வேண்டும் என 19-ஆம் நூற்றாண்டிலேயே வலியுறுத்தியவர் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). அவருடைய ‘சாதியற்ற தமிழர்’ என்ற கருத்திலிருந்து பிறந்த பெயர் இது.

குழுவின் அடித்தளம் கானா. வட சென்னையின் குப்பங்களிலும் சேரிகளிலும் சாவு வீட்டில் விடிய விடியப் பாடப்படும் பாட்டு அது. 1990-களில் தேவாவின் இசை அதைத் திரைக்குக் கொண்டுபோனது. ஆனால் அங்கே அது பெரும்பாலும் கேளிக்கைப் பாட்டாகவே நின்றுவிட்டது. பாடியவர்களின் வாழ்க்கை கூடவே போகவில்லை. பறையும் சாவோடும் சாதியோடும் கட்டப்பட்டே கிடந்தது. தருமபுரி மாவட்டம் பாலக்கோடு பக்கத்துக் கிராமம் ஒன்றில் பறைச்சத்தம் கேட்டால், யார் வீட்டில் சாவு என்றுதான் முதலில் கேட்பார்கள். அடிப்பவர் எந்தத் தெருக்காரர் என்பதை யாரும் கேட்க வேண்டியதில்லை.

2018 ஜனவரி 6 அன்று, சென்னையில் மார்கழி சபாக் கச்சேரிகள் ஓய்ந்துகொண்டிருந்த நாட்களில், கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் குழுவின் முதல் நிகழ்ச்சி நடந்தது. மேடையேறிய 19 பேரும் ஒரே மாதிரி கோட்டு சூட்டு அணிந்திருந்தார்கள். அம்பேத்கரை நினைவூட்டும் உடை அது. பறையும் சட்டியும் கட்ட மோளமும் கிதாருக்கும் டிரம்ஸுக்கும் பக்கத்தில் சரிசமமாக நின்றன. இடஒதுக்கீடு ஏன் வேண்டும் என்று ஒரு பாட்டு விளக்கியது. இன்னொன்று மாட்டுக்கறி உண்ணும் உரிமையைப் பேசியது. மேடைப் பேச்சில் ஒரு மணி நேரம் சொல்ல வேண்டியதை, சனம் கைதட்டி ஆடியபடியே கேட்டுக்கொண்டது. இக்குழுவின் மிகப் பெரிய சாதனை இதுவே.

இந்தப் பாடல்களின் தேவை சென்னையோடு முடிவதில்லை. தருமபுரி மாவட்டத்தில் 2012 நவம்பர் 7 அன்று, ஒரு சாதி மறுப்புத் திருமணத்தைக் காரணம் காட்டி நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகளில் 200-க்கும் மேற்பட்ட வீடுகள் சூறையாடப்பட்டுத் தீ வைக்கப்பட்டன. குழு மேடையேறியபோது அதற்கு ஆறு ஆண்டுகூட ஆகியிருக்கவில்லை.

ஆண்களின் கோட்டையாக இருந்த கானாவில் குழுவின் ஒரே பெண்ணாக நின்றவர் இசைவாணி. 2020-இல் பி.பி.சி.யின் 100 பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். கோயில் நுழைவில் பெண்ணுக்குள்ள உரிமையைக் கேட்டு அவர் பாடிய ‘ஐ யாம் சாரி ஐயப்பா’, 2018-இல் வந்தது. அதற்கான எதிர்ப்பும் மிரட்டலும் 2024-இல் மீண்டும் கிளம்பின. குழுவில் பாடிய அரக்கோணத்துக்காரரான அறிவு, 2019-இல் இசையமைப்பாளர் ஒஃப்ரோவுடன் ‘தெருக்குரல்’ தொகுப்பை வெளியிட்டார். 2021 மார்ச்சில் வந்த ‘எஞ்சாய் எஞ்சாமி’யில், இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய தன் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்க்கையை உலகமே கேட்கப் பாடினார்.

2020 டிசம்பரில் நீலம் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ விழா, கானாக்காரர்களுக்கும் பறை, ஒப்பாரிக் கலைஞர்களுக்கும் சபாக்களின் மாதத்திலேயே மேடை போட்டுக் கொடுத்தது. அடுத்த ஆண்டே மதுரைக்கும் கோவைக்கும் போனது.