ரயிலைப் படம் பிடித்தவரும் முக்காலியின் தலையும்

கேமராவையும் லென்ஸையும் பத்துக் கடை ஏறி இறங்கி வாங்குகிறவர்கள் கூட, டிரைபாட் என்றதும் கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்கி வந்துவிடுவார்கள். மூன்று கால்களும் கேமராவும் சேரும் இடத்தில் இருக்கும் 'ஹெட்', அதாவது முக்காலியின் தலை, யார் கண்ணிலும் படுவதில்லை. அந்தத் தலைக்கும் ஒரு சுவையான வரலாறு உண்டு!

1861-ல் கார்ல்டன் வாட்கின்ஸ் என்ற அமெரிக்கர், கலிபோர்னியாவில் உள்ள யோசெமிட்டி பள்ளத்தாக்கைப் படம் எடுக்கப் போனார். அவர் பயன்படுத்திய கண்ணாடித் தகடு 18 அங்குலத்துக்கு 22 அங்குலம்! மூட்டை முடிச்சுகளைக் கோவேறு கழுதைகள் சுமந்தன. ஒளி பதிய நெடுநேரம் பிடிக்கும். ஆனால் மலை எங்கும் ஓடிவிடாது. கேமரா ஆடாமல் நின்றால் போதும். அந்தப் படங்கள் யோசெமிட்டியின் அழகை வெளியுலகுக்குக் காட்டின. 1864-ல் அந்தப் பள்ளத்தாக்கைக் காக்கும் சட்டத்தில் லிங்கன் கையெழுத்திட்டார்.

சரி, ஓடுகிற ஒன்றைப் படம் பிடிப்பது எப்படி?

சாட்வெல் ஓ'கானர் ஒரு பொறியாளர். நீராவி ரயில் என்றால் அவருக்கு உயிர். ஆனால் ரயில் போகும் திசையில் மூவி கேமராவைத் திருப்பினால் படம் வெட்டி வெட்டி வந்தது. உலோகத்தோடு உலோகம் உரசும்போது முதலில் சிக்கிக்கொள்ளும், பிறகு சட்டென்று நகரும். அதுதான் காரணம். எனவே தலைக்குள் கெட்டியான திரவத்தை வைத்தார். கேமரா வெண்ணெய் போல வழுக்கிக்கொண்டு திரும்பியது! ஆஸ்திரேலியாவில் எரிக் மில்லரும் 1940-களில் இதே வழியில் ஒரு தலையைச் செய்திருந்தார்.

ஒருநாள் கிளெண்டேல் ரயில் நிலையத்தில் ஓ'கானர் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அந்தக் கருவியைப் பற்றி ஆவலோடு விசாரித்தார் ஒருவர். அவர் வேறு யாருமல்ல, வால்ட் டிஸ்னி! அவரும் ரயில் பிரியர்தான். பாலைவன உயிரினங்களைப் பற்றிய 'தி லிவிங் டெசர்ட்' படத்துக்கு அந்தத் தலை தேவைப்பட்டது. 1953-ல் வெளியான அந்தப் படம் சிறந்த ஆவணப்படத்துக்கான ஆஸ்கர் வென்றது. ஓ'கானரின் கண்டுபிடிப்பையும் ஆஸ்கர் அகாடமி 1975, 1992 ஆகிய ஆண்டுகளுக்கான தொழில்நுட்ப விருதுகளால் கௌரவித்தது.

புகைப்படக்காரர்களின் சிக்கல் வேறு. பெரிய டெலி லென்ஸைப் பந்துத் தலையில் மாட்டித் திருகைத் தளர்த்தினால், கனம் தாங்காமல் தொப்பென்று சாய்ந்துவிடும். கப்பலில் திசைகாட்டியைத் தொங்கவிடுவது போல லென்ஸை எடை சமமாகும் இடத்தில் தாங்கும் 'கிம்பல்' தலை இதற்குத் தீர்வானது. 1990-களில் அமெரிக்காவின் விம்பர்லி நிறுவனம் இதைப் பறவைப் படக்காரர்களிடையே பிரபலமாக்கியது. கையை எடுத்தாலும் லென்ஸ் விட்ட இடத்திலேயே நிற்கும்.

ஆக, தலை வாங்கப் போகிறவர் விலையைக் கேட்பதற்கு முன் தன்னைத்தானே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும்: படத்தில் வரப்போவது நிற்குமா, ஓடுமா? நிற்கும் மலைக்கு இறுக்கிப் பிடிக்கும் பந்துத் தலையோ மூன்று திசைத் தலையோ போதும். பறக்கும் பறவைக்குக் கிம்பல். ஓடும் மானை வீடியோ எடுக்கத் திரவத் தலை.

கால் மூன்று இருந்தாலும், முடிவெடுப்பது என்னவோ தலைதான்!