பரணில் கிடக்கும் கேமராவுக்கு என்ன விலை?



இந்தக் காலாண்டில் நம் பிளாக்குகளில் பல வீடுகளில் பெயிண்டிங் வேலை நடந்தது. பெயிண்ட் அடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தால் பித்தளை அண்டா வரும், பழைய சூட்கேஸ் வரும், சில வீடுகளில் தோல் உறை போட்ட ஒரு கேமராவும் வரும். "இதற்கு ஏதாவது கிடைக்குமா சார்?" என்று மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் செய்தியில் படித்த கோடிக் கணக்கைச் சொன்னார். இன்னொருவர் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடலாமா என்றார். இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரே பதிலாக இந்தக் கட்டுரையை எழுதுகிறேன்.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். கேமராவுக்கு அது பொருந்தாது. வயதை மட்டும் வைத்து அதற்கு விலை வருவதில்லை. எத்தனை செய்தார்கள், எந்த ரோல் போடும்படி செய்தார்கள், அந்த ரோல் இன்றைக்கும் கிடைக்கிறதா, கேமரா இன்றைக்கும் ஓடுகிறதா என்ற நான்கு கேள்விகளுக்கான பதில்தான் விலை. முதல் மூன்றுக்கும் பதில் வரலாற்றில் இருக்கிறது. அதனால் கொஞ்சம் பின்னோக்கிப் போவோம்.

ஒரு வங்கி குமாஸ்தாவின் வேலை

கோடாக் கம்பெனியை நிறுவிய ஜார்ஜ் ஈஸ்ட்மன், அமெரிக்காவின் ராச்செஸ்டர் நகரில் ஒரு சேமிப்பு வங்கியில் குமாஸ்தாவாக இருந்தவர். 1881-ல் அந்த வேலையை விட்டார். (நாங்கள் எல்லாம் ஓய்வு பெறும் வரை விடவில்லை!) 1888-ல் அவர் விற்ற முதல் கோடாக் கேமராவின் விலை 25 டாலர். உள்ளேயே 100 படங்களுக்கான ரோல் இருக்கும். முடிந்ததும் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்பினால், 10 டாலர் வாங்கிக்கொண்டு படங்களைக் கழுவி, புது ரோல் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள்.

25 டாலர் அன்றைக்குப் பெரிய தொகை. 1900-ல் ஈஸ்ட்மன் ஒரே டாலர் விலையில் 'பிரௌனி' என்ற பெட்டி கேமராவைக் கொண்டுவந்தார். முதல் ஆண்டிலேயே ஒரு லட்சத்துக்கும் மேல் விற்றது. பின்பு வெவ்வேறு வடிவங்களில் பல பத்தாண்டுகள் பிரௌனி வந்துகொண்டே இருந்தது. இதனால்தான், உங்கள் தாத்தாவின் பெட்டி கேமரா எண்பது, தொண்ணூறு ஆண்டுப் பழசாக இருந்தாலும் அதற்குப் பெரிய விலை கிடைப்பதில்லை. உலகெங்கும் அது லட்சக்கணக்கில் இருக்கிறது. வாங்க ஆளைவிட விற்க ஆள் அதிகம்.

நூறு கோடி கேமரா எது?

செய்தியில் வந்த கோடி ரூபாய்க் கதை உண்மைதான். ஜெர்மனியின் வெட்ஸ்லர் நகரில் லைட்ஸ் கம்பெனியில் ஆஸ்கர் பார்னாக் என்ற பொறியாளர் இருந்தார். சினிமா ஃபிலிமைப் போட்டு எடுக்கும் கையடக்கக் கேமராவை உருவாக்கியவர் அவர். அதுதான் 1925-ல் லைப்சிக் கண்காட்சியில் 'லைக்கா' என்ற பெயரில் அறிமுகமானது. அதற்கு முன், 1923 வாக்கில், சோதனைக்காகச் சுமார் இரண்டு டஜன் கேமராக்கள் செய்தார்கள். அவற்றில் 105 என்ற எண் கொண்டது பார்னாக்கே பயன்படுத்தியது. அவர் பெயரும் அதில் பொறிக்கப்பட்டிருக்கிறது. 2022 ஜூனில் அதே வெட்ஸ்லரில் நடந்த ஏலத்தில் அது 1 கோடியே 44 லட்சம் யூரோவுக்குப் போனது. நம் பணத்தில் நூறு கோடிக்கு மேல்.

அதே கம்பெனி 1954-ல் வெளியிட்ட லைக்கா எம்3 கேமரா இரண்டு லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. நல்ல கேமரா, இன்றும் நல்ல விலை போகும். ஆனால் அதன் விலையை எண்ண லட்சமே போதும், கோடி வேண்டாம். பெயர் ஒன்றுதான், எண்ணிக்கைதான் வேறு.

லைக்கா என்று பொறித்திருந்தாலே நம்பிவிடவும் வேண்டாம். சோவியத் யூனியனின் கார்க்கிவ் நகரில் 1934-லிருந்து 'ஃபெட்' என்ற கேமரா வந்தது. அது லைக்கா 2-ஐ அப்படியே பார்த்துச் செய்தது. பிற்காலத்தில் இந்த ஃபெட், ஸோர்க்கி கேமராக்களுக்குத் தங்க முலாம் பூசி, லைக்கா என்றும் 1936 பெர்லின் ஒலிம்பிக் என்றும் பொறித்து விற்றவர்கள் உண்டு. லென்ஸைக் கழற்றி உள்ளே பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். அசல் லைக்காவில் லென்ஸைத் தொட்டு நகரும் பாகம் சின்னச் சக்கரமாக இருக்கும். சோவியத் கேமராவில் அது நாக்கு மாதிரி தட்டையாக இருக்கும்.

ரோல் கிடைத்தால்தான் கேமரா

பேனா நன்றாக இருந்து மை கிடைக்காவிட்டால் எப்படியோ, அப்படித்தான் ரோல் கிடைக்காத கேமரா. 120 என்ற அகல ரோல் 1901-லிருந்து இருக்கிறது. 35 மில்லிமீட்டர் கேசட் 1934-ல் வந்தது. இந்த இரண்டும் இன்றும் தயாராகின்றன. கோடாக் 1930-களில் கொண்டுவந்த 620 ரோல் 1995-ல் நின்றுபோனது. அதில் இருப்பதும் 120-ன் அதே அகல ஃபிலிம்தான், சுற்றும் உருளை மட்டும் மெலிது. ஆர்வலர்கள் இருட்டறையில் உட்கார்ந்து 120 ஃபிலிமை 620 உருளைக்கு மாற்றிச் சுற்றிக்கொள்கிறார்கள். ஆனால் அப்படி மெனக்கெடுபவர்கள் சிலர்தான், அதனால் விலையும் அதற்கேற்பத்தான்.

நம்மில் பலர் சின்ன வயதில் பார்த்த கேமரா 'ஆக்ஃபா கிளிக் 3'. பரோடாவில் நியூ இந்தியா இண்டஸ்ட்ரீஸ் தயாரித்தது. 120 ரோலில் 12 சதுரப் படங்கள் விழும். ரோல் இன்றும் கிடைக்கும், கேமராவும் பெரும்பாலும் ஓடும். ஆனால் நடுத்தரக் குடும்பங்களுக்காகவே செய்ததால் ஏராளமாக இருக்கிறது, எனவே விலை குறைவு. அதில் போட்ட ரோல் சில நம் ஊட்டியிலிருந்தே வந்தவை. 1960-ல் தொடங்கி 1967-ல் உற்பத்திக்கு வந்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ், 'இந்து' என்ற பெயரில் கறுப்பு வெள்ளை ஃபிலிம் செய்தது. இன்று அந்தத் தொழிற்சாலை இல்லை.

தேய்மானம் போன பிறகு

வணிகவியல் படித்தவர்களுக்குத் தெரியும், சரக்கிருப்பை அடக்க விலை அல்லது சந்தை விலை, இரண்டில் எது குறைவோ அதில்தான் மதிப்பிட வேண்டும். இயந்திரம் என்றால் ஆண்டுதோறும் தேய்மானம் கழிக்க வேண்டும். ஃபிலிம் கேமராக்கள் இந்தக் கணக்கில் பூஜ்ஜியத்துக்கு வந்தவை. 2006-ல் நிக்கான் தன் ஃபிலிம் கேமராக்களில் பெரும்பாலானவற்றை நிறுத்துவதாக அறிவித்தது. 2012 ஜனவரியில் கோடாக் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது. அந்த ஆண்டுகளில் நல்ல கேமராக்களையும் வந்த விலைக்குத் தள்ளிவிட்டார்கள்.

பிறகு காற்று திசை மாறியது. டிஜிட்டலில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் ஃபிலிமைத் தேடி வந்தார்கள். நிறுத்தியிருந்த எக்டாக்ரோம் ஃபிலிமை 2018-ல் கோடாக் திரும்பக் கொண்டுவந்தது. 2024-ல் பென்டாக்ஸ் புதிதாக ஒரு ஃபிலிம் கேமராவையே வெளியிட்டது. ஆகவே, இருபது ஆண்டுகளுக்கு முன் கடைக்காரர் சொன்ன விலையை வைத்து இன்று முடிவெடுக்காதீர்கள்.

எங்கள் வீட்டில் நடந்தது

என் அண்ணன் காலமான பிறகு இரண்டு கேமராக்கள் மிஞ்சின. ஒன்று தாத்தா காலத்து 620 பிரௌனி பெட்டி. மற்றது குனிந்து மேலிருந்து பார்த்து எடுக்கும் இரட்டை லென்ஸ் 'யாஷிகா மேட் 124ஜி'. 1970-லிருந்து 1986 வரை வந்த மாடல். பிள்ளைகள் இரண்டு பேர். பழசுக்குத்தான் விலை அதிகம் என்று எண்ணி, பிரௌனி யாருக்கு என்பதில் இருவருக்கும் லேசாக முகம் சுளித்தது. "ஒருத்தனுக்குக் கூட, ஒருத்தனுக்குக் குறையன்னு நாளைக்குப் பேச்சு வரக்கூடாது. நீங்களே பார்த்துச் சொல்லுங்க தம்பி" என்றார் அண்ணி.

பார்த்ததில் கணக்கு தலைகீழாக இருந்தது. யாஷிகா போடுவது 120 ரோல், இன்றும் கிடைக்கிறது. வாங்கவும் ஆள் இருக்கிறது. ஒரு கடையில் "ஷட்டர் ஒட்டிக்கொண்டது, உதிரி பாகத்துக்குத்தான் ஆகும்" என்று சொல்லிச் சொற்ப விலை கேட்டார்கள். கேமரா ரிப்பேர் செய்யும் பெரியவர் ஒருவரிடம் காட்டினோம். பழைய கிரீஸ் இறுகியிருந்தது, அவ்வளவுதான். சுத்தம் செய்ததும் ஷட்டர் எல்லா வேகத்திலும் ஓடியது. அதற்கான கூலியைக் கழித்த பிறகும், முதல் கடை கேட்டதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்குக்கு விற்றது. பணத்தைப் பிள்ளைகள் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பிரௌனி அண்ணியின் ஷோகேஸில் இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. திறப்பதற்கு முன், உள்ளே ரோல் இருக்கிறதா என்று பாருங்கள். 35 மில்லிமீட்டர் கேமராவில் ரீவைண்ட் குமிழை அம்புக்குறிப் பக்கம் மெதுவாகச் சுற்றினால், இழுவை தெரிந்தால் ரோல் இருக்கிறது. பெட்டி கேமராவில் பின்பக்கச் சிவப்பு ஜன்னலில் எண் தெரியும். அந்த ரோலில் யாருடைய முகம் இருக்கிறதோ, அதற்கு எந்தச் சந்தையிலும் விலை இல்லை.

2. மாடல் பெயரையும் வரிசை எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். பல கம்பெனிகளுக்கு, வரிசை எண்ணை வைத்தே தயாரித்த ஆண்டைச் சொல்லிவிடலாம்.

3. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போலத் தெரிந்தால் பூஞ்சை. ஈரக் காற்றும் மூடிய தோல் உறையும் அதற்கு நல்ல இடம். இது ஒன்றே விலையைப் பாதியாக்கிவிடும். இனிமேலாவது உறையிலிருந்து எடுத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடி இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

4. பேட்டரி அறையில் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். மெதுவான வேகங்களில் ஷட்டரைத் தட்டிப் பாருங்கள். ஓடாவிட்டால் தையல் மெஷின் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். தேய்த்துப் பளபளப்பாக்கவும் வேண்டாம்.

5. விற்பவர் கேட்கும் விலை வேறு, விற்ற விலை வேறு. ஈபே போன்ற தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியே பார்க்கலாம். அதே மாடல், அதே நிலையில் உள்ளவற்றில் பத்து விலைகளைக் குறித்து, மேலே இரண்டு, கீழே இரண்டு தள்ளி, நடுவில் நிற்பதைப் பாருங்கள். வெளிநாட்டு விலை என்றால் தபால் செலவு, கமிஷன் கழித்துத்தான் நம் கணக்கு.

6. மூடி, பெட்டி, வாங்கிய பில், கையேடு எதையும் எறியாதீர்கள். அவற்றுக்கும் விலை உண்டு.

7. இது வங்கிக்காரனாகச் சொல்வது. பணம் பெறுவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. "க்யூஆர் கோடு அனுப்புகிறேன், ஸ்கேன் செய்து பின் போடுங்கள், பணம் வரும்" என்று யார் சொன்னாலும் அது மோசடி. பணம் உங்கள் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகே கேமராவைக் கொடுங்கள்.

வங்கியில் நகைக் கடன் மதிப்பீட்டாளர் தாலிக்கொடியையும் உரைகல்லில் உரைத்துத்தான் பார்ப்பார். எடையும் மாற்றும்தான் அவர் கணக்கு. விற்பது என்று முடிவெடுத்தால் நாமும் அப்படித்தான் பார்க்க வேண்டும். வைத்துக்கொள்வது என்றால் கணக்கே வேண்டாம். எதுவானாலும் ஒரு துண்டுச் சீட்டில் கேமராவின் பெயர், யார் வாங்கியது, எந்த ஆண்டு, எந்த ரோல் என்று எழுதி உறைக்குள் போட்டு வையுங்கள். நமக்குப் பிறகு பரணைக் காலி செய்பவர்களுக்கு அது தெரிய வேண்டும்.