கூடி ஆக்கிய கல்யாணம்

1927 செப்டம்பரில் காந்தி செட்டிநாட்டில் ஊர் ஊராகச் சுற்றினார். கதருக்கு நிதி திரட்டும் பயணம் அது. அவர் பார்த்த வீடுகளோ பர்மாத் தேக்கும் பெல்ஜியம் கண்ணாடியும் சீமை நாற்காலிகளுமாக நிரம்பிக் கிடந்தன. மனத்தில் பட்டதை அவர் மேடையிலேயே சொல்லிவிட்டார். இந்த மாளிகைகளுக்குச் சாமான் போடும் காண்ட்ராக்டைத் தம்மிடம் விட்டால் பத்தில் ஒரு பங்குச் செலவில் முடித்துத் தருவதாகவும், காற்றோட்டமும் கூடுதலாகக் கிடைக்கும் என்றும் வேடிக்கையாகச் சொன்னார். காசு கொடுக்க வந்த கூட்டம் அந்தக் குத்தலையும் வாங்கிக்கொண்டது.

நல்லவேளை, கல்யாணக் காண்ட்ராக்டை அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திணறிப் போயிருப்பார். செட்டிநாட்டுக் கல்யாணம் என்றாலே ஆடம்பரம் என்பது ஊர்ப்பேச்சு. ஆனால் அந்தக் கல்யாணத்தை நடத்தி முடிக்கும் செலவில், அதாவது இடம், ஆள், பாத்திரம், பலகாரம், அலங்காரம் ஆகியவற்றில், ரொக்கமாகக் கைவிட்டுப் போவது குறைவு. பணம் கரைந்த இடம் வேறு. இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்காவிட்டால் நகரத்தார் எனப்படும் செட்டியார்களின் கல்யாணக் கணக்குப் பிடிபடாது.

முதலில் இடம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி என்று எங்கே போனாலும் பழைய வீடுகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். தெருவைப் பார்த்த முகப்பு. உள்ளே வானம் தெரியும் முற்றத்தோடு வளவு. அதைச் சுற்றிப் பத்தி, பத்தியை ஒட்டி வரிசையாக அறைகள். அதற்குப் பின்னால் இரண்டாம் கட்டு, அப்புறம் அடுப்படி, கிணறு. முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் அளவுக்கு நீளம். ஒரு குடும்பம் புழங்க இத்தனை இடம் தேவையே இல்லை. வளவைச் சுற்றியுள்ள அறைகள் கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கு ஒன்றாகப் பிரிந்தவை. பெரும்பாலும் அவை சாமான் வைக்கத்தான் பயன்பட்டன. வீட்டின் உண்மையான வேலை நல்லது கெட்டதுக்கு ஊரையும் உறவையும் உட்கார வைப்பது. முற்றத்தில் பந்தல் போட்டால் மணவறை ஆயிற்று. பின்கட்டில் பந்தி ஆயிற்று. பங்காளிகள் எல்லாருக்கும் பொதுவான வீடு என்பதால் வாடகை என்ற பேச்சே கிடையாது. தாத்தா போட்ட முதலில் பேரன் பேத்தி எல்லாரும் மாலை மாற்றிக்கொண்டார்கள்.

அடுத்து ஆள். கல்யாணச் சடங்குகளின் வரிசையில் ‘கூடி ஆக்கி உண்ணுதல்’ என்று ஒன்று உண்டு. முகூர்த்தத்துக்கு முன்பே பங்காளிகள் கல்யாண வீட்டில் ஒன்றுகூடிச் சமைத்துச் சாப்பிடுவது. சடங்கு என்று சொன்னாலும் அது வேலைப் பங்கீட்டுக் கூட்டமும்தான். யார் பாத்திரக் கணக்கு, யார் பந்தி விசாரிப்பு, வெளியூர்க்காரர்கள் எந்த வீட்டில் படுப்பது எல்லாம் அந்தச் சாப்பாட்டோடு முடிவாகிவிடும். அதிரசம், தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை போன்ற கெடாத பலகாரங்களை ஆச்சிமார் கூடி உட்கார்ந்து முன்கூட்டியே சுட்டு அடுக்கிவிடுவார்கள். அண்டா, குண்டா, தவலைகளுக்கு இரவல் கேட்டு அலைய வேண்டியதில்லை. முந்தைய தலைமுறைகளின் சீர்ப்பாத்திரங்கள் வீட்டிலேயே கிடக்கும்.

அலங்காரத்துக்கு ஓலை. பனையோலையை ஈர்க்கு நீக்கிக் கிழித்து, சாயத்தில் போட்டு உலர்த்தி, விரலிடுக்கில் மடித்து மடித்து முடைவது கொட்டான். அதன் வாயில் வண்ண நூலால் பின்னல் வேலை, சுற்றிலும் பாசிமணி. வெற்றிலை பாக்கு வைக்க உள்ளங்கை அகலத்தில் ஒன்று, பழத்துக்கு அதைவிடப் பெரியது, பெண் வீட்டு வேவு, அதாவது சீர்ப்பொருள், கொண்டுபோக இன்னும் பெரிய கடகாம். கணவர்மார் மூன்றாண்டுத் தவணைக்கு ரங்கூனிலும் மலாயாவிலும் கடைக் கணக்குப் பார்க்கப் போயிருந்த காலத்தில், பகல் பொழுதெல்லாம் ஆச்சிமார் கையில் இருந்த வேலை இது. மகளுக்குக் கல்யாணப் பேச்சு எடுக்கும் முன்பே கொட்டான் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். பனையோலை சிவகங்கைச் சீமையில் காசு கொடுத்து வாங்கும் பொருளாக இருந்ததில்லை. இன்று அதே கொட்டான் புவிசார் குறியீடு பெற்ற கைவினைப் பொருள். கைவிடப்படும் நிலையில் இருந்த அந்த முடைச்சலை விசாலாட்சி ராமசாமி 2000இல் தொடங்கிய எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து மீட்டது. வீட்டுத் திண்ணையில் சும்மா கிடைத்தது இப்போது தாம்பூலப் பையாக விலைக்கு வாங்கப்படுகிறது. வாங்குபவர்களில் செட்டிநாட்டோடு சம்பந்தமே இல்லாத சென்னைக்காரர்கள் ஏராளம்.

கணக்கே தொழிலான சமூகம் எழுத்தில்லாமல் கல்யாணம் செய்யுமா? இரு வீட்டாருக்கும் இடையிலான உடன்பாட்டை ஓலையில் எழுதிக்கொள்ளும் வழக்கத்துக்கு இசைகுடிமானம் என்று பெயர். மாப்பிள்ளை, பெண் பெயர்கள், இரு தரப்பின் ஊர், கோவில், கொடுக்கல் வாங்கல் எல்லாம் அதில் ஏறும். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்கோவில், நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்ற ஒன்பது நகரக் கோவில்களில் தம் தம் கோவிலிலிருந்து மணமக்களுக்கு மாலை வர வேண்டும். மாலை வந்தால்தான் கல்யாணம் சமூகத்தின் கணக்கில் சேர்ந்தது. அன்றிலிருந்து அந்தத் தம்பதி ஒரு புள்ளி. கோவில் வரி, ஊர் வரி எல்லாம் புள்ளிக்கு இவ்வளவு என்றுதான்.

மொய்யிலும் அதே ஒழுங்கு. புள்ளி வாரியாக ஏட்டில் பெயர் ஏறும். தொகை பெரும்பாலும் பெயரளவுக்குத்தான். வந்தார், முறை செய்தார் என்பதற்கான பதிவு அது. பக்கத்திலேயே வடகாடு, கீரமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் மொய் விருந்து என்பது ஆடி மாதத்தின் முழுநீளப் பொருளாதாரமாக வளர்ந்தது. விருந்து வைத்து லட்சக்கணக்கில் மொய் வாங்கி, பிறகு அவரவர் முறை வரும்போது மேலே கொஞ்சம் போட்டுத் திருப்புவார்கள். வட்டித் தொழிலால் பிழைத்த நகரத்தார் மொய்யைக் கடனாக்கவில்லை; வட்டியை வாழ்க்கையாகக் கொள்ளாத உழவர்கள் அதை முறையான கடனாக்கிவிட்டார்கள். வரலாற்றின் குறும்புகளில் இதுவும் ஒன்று.

இவ்வளவு சிக்கனத்தில் மிச்சம் பிடித்ததெல்லாம் எங்கே போயிற்று? சீரில் போயிற்று. சாமான் பரப்புதல் என்பது கல்யாண வீட்டின் பெரிய காட்சி. பித்தளை, வெண்கலம், வெள்ளி, பிறகு எனாமல், அதன்பின் எவர்சில்வர் என்று பெண்ணுக்குக் கொடுப்பவை அத்தனையும் வரிசையாகப் பரப்பி வைக்கப்படும். உறவுக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தாலிநகையான கழுத்துரு இருக்கவே இருக்கிறது. நூறு பவுனை எட்டியவையும் உண்டு. ஆனால் மணநாளிலும் அறுபது, எண்பது கல்யாணங்களிலும்தான் அது கழுத்தில் ஏறும். மற்ற நாளெல்லாம் பெட்டகத்தில். சீதனமாக வந்த ரொக்கம் மட்டும் தூங்கவில்லை. ‘ஆச்சிமார் பணம்’ என்ற தலைப்பில் லேவாதேவிக் கடைகளில் வட்டிக்குப் போடப்பட்டு, பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடனாகப் போயிற்று. பெண்ணின் பெயரில் இருந்த முதல் என்ற வகையில் அதற்கு ஒரு மதிப்பு உண்டுதான். ஆனால் அதைத் திரட்டித் தந்த தகப்பனாரின் பாடு அந்தப் பேரேட்டில் ஏறாது. கல்யாணத்தோடு செலவு முடிவதும் இல்லை. தீபாவளி, பொங்கல், பிள்ளையார் நோன்பு, பிள்ளைப்பேறு என்று முறை தொடர்ந்துகொண்டே இருக்கும்.

1930இல் உலகச் சந்தை சரிந்து நெல் விலை விழுந்தது. கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930இல் 6 சதவீதமாக இருந்த அவர்களது நிலம் 1937இல் 25 சதவீதமாயிற்று. காகிதத்தில் சொத்து, கையில் காசில்லை. 1942இல் ஜப்பான் படையெடுத்தபோது பலர் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கால்நடையாக ஊர் திரும்பினார்கள். சுதந்திர பர்மா 1948இல் நில நாட்டுடைமைச் சட்டம் கொண்டுவந்தது. வருமானம் நின்றது, சீர் வரிசையின் பட்டியல் மட்டும் பழைய நீளத்திலேயே இருந்தது. செட்டிநாட்டுக் குடும்பங்கள் பலவற்றை நிமிர முடியாமல் செய்தது இந்த இடைவெளிதான்.

இந்தக் கல்யாண முறைகளுக்கு எதிரான குரலும் காரைக்குடியிலேயே எழுந்தது. 1917இல் இந்து மதாபிமான சங்கத்தைத் தொடங்கிய இளைஞர்களில் ராய. சொக்கலிங்கமும் சொ. முருகப்பாவும் முக்கியமானவர்கள். 1919இல் பாரதி வந்து பார்த்துப் பாராட்டிய சங்கம் அது. முருகப்பா 1920இல் ‘தன வைசிய ஊழியன்’ பத்திரிகையை ஆரம்பித்தார், பின்னாளில் ‘குமரன்’. சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் சாய்ந்த அவர், கைம்பெண்ணான மரகதவல்லியை மணந்தார். காரைக்குடியிலிருந்து ‘மாதர் மறுமணம்’ என்ற பெயரிலேயே 1936 முதல் ஒரு பத்திரிகை வந்தது. மரகதவல்லி அதன் ஆசிரியர். பெரிய வளவுகளும் பெரிய பெட்டகங்களும் சூழ்ந்த ஊரில் அந்தப் பெயரை அட்டையில் அச்சடிக்கவே துணிச்சல் வேண்டும்.

சுயமரியாதைத் திருமணம் என்பதன் முதல் நிகழ்ச்சி நடந்ததும் இந்தப் பக்கத்தில்தான். 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில். சிவகங்கையும் அந்த ஊரும் அன்று ஒரே ராமநாதபுரம் மாவட்டம். புரோகிதர் இல்லை, தட்சிணை இல்லை, நாள் நட்சத்திரம் இல்லை; ஒரு தலைவர், சில சொற்பொழிவுகள், இரண்டு மாலை. குடும்பத்தின் சில நாள் வருமானத்துக்கு மேல் கல்யாணத்துக்குச் செலவழிப்பது முட்டாள்தனம் என்று பெரியார் மேடைக்கு மேடை பேசினார். (சொற்பொழிவுகளின் நீளத்தைப் பற்றி மட்டும் யாரும் சிக்கனம் பேசவில்லை.)

இந்தச் சிக்கனக் கல்யாணம் ஓரிடத்தில் சறுக்கியது. நீதிமன்றத்தில். தெய்வானை ஆச்சி எதிர் சிதம்பரம் செட்டியார் என்ற வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம், சடங்கில்லாமல் நடந்த சுயமரியாதைத் திருமணம் இந்துச் சட்டப்படி செல்லாது என்றது. 1954ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்பில் அது இருக்கிறது. மாலை மாற்றிப் பிள்ளை குட்டி பெற்று வாழ்ந்தவர்களுக்குத் தலையில் இடி. அண்ணா முதலமைச்சரான பிறகு 1967இல் சட்டமன்றம் இந்துத் திருமணச் சட்டத்தைத் திருத்தியது. 7-ஏ என்ற அந்தப் பிரிவு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. உற்றார், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாகப் புரியும் மொழியில் சொன்னாலோ, மாலையோ மோதிரமோ மாற்றினாலோ, தாலி கட்டினாலோ போதும். ஏற்கெனவே அந்த முறையில் நடந்த திருமணங்களுக்கும் அது பொருந்தியது. இசைகுடிமானமும் கோவில் மாலையும் நகரத்தாருக்குத் தந்துவந்த பாதுகாப்பை, கோவிலும் ஓலையும் இல்லாதவர்களுக்குச் சட்டம் தந்தது.

பரப்பி வைத்த சாமான்களின் கதை காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் வந்து முடிந்தது. அங்கே வரிசையாகப் பழம்பொருள் கடைகள். பெயர் பொறித்த தவலை, சீமை எனாமல் அடுக்கு, ரவிவர்மா படம், தேக்கு நிலை, கதவு எல்லாம் கிடைக்கும். பங்குபிரிக்கும்போதும், கடன் அடைக்கும்போதும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு எடுத்துப்போக வழியில்லாதபோதும் இறங்கியவை. பாத்திரத்தின் கழுத்தில் இருக்கும் விலாச எழுத்துகளைப் பார்த்தே எந்த ஊர், எந்தக் குடும்பம் என்று சொல்லிவிடும் வியாபாரிகள் அங்கே உண்டு. சொல்வதில்தான் கொஞ்சம் நாசூக்கு காட்டுவார்கள்.

வீடுகளில் சில ஹோட்டலாயின, சில சினிமாவுக்குப் போயின. ஆத்தங்குடித் தரையும் வளவுத் தூண்களும் வேண்டும் என்று வெளியூர்க்காரர்கள் வாடகை கொடுத்துக் கல்யாணம் நடத்துவது இப்போது ஒரு தொழில். அதே தெருக்காரர்களில் பலர் பிள்ளையார்பட்டியிலோ குன்றக்குடியிலோ தாலி கட்டிவிட்டு, சாப்பாட்டை மட்டும் மண்டபத்தில் வைத்துக்கொள்கிறார்கள். நகரத்தார் வீடுகளில் கழுத்துருவின் எடை குறைந்திருக்கிறது; உருப்படிகளின் அமைப்பு மாறவில்லை. பங்காளிகள் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் வந்து இறங்குகிறார்கள். ஆக்குவது கேட்டரிங்காரர், கூடி உண்ணுவது மட்டும் பங்காளிகள். கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்று 2009ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டம் சொல்வதால், கோவில் மாலையும் ஓலையும் ஆன பிறகு சார்பதிவாளர் அலுவலக வரிசையிலும் ஒருமுறை நின்றுவிட்டு வருகிறார்கள்.