மாத்திரை சாப்பிட்டும் இரத்தக் கொதிப்பு குறையாதது ஏன்?

மூன்று வகை மருந்துகளைப் போதிய அளவில் சாப்பிட்டும் இரத்த அழுத்தம் இறங்கவில்லை என்றால், அதை மருந்துக்குக் கட்டுப்படாத இரத்த அழுத்தம் என்கிறார்கள் மருத்துவர்கள். அந்த மூன்றில் ஒன்று சிறுநீரைப் பெருக்கும் மருந்தாக இருக்க வேண்டும். ஆனால் பலருக்கு மருந்து தோற்பதில்லை. அதன் வேலையை வேறு ஏதோ ஒன்று கெடுக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் விட்டால் பக்கவாதம், மாரடைப்பு, சிறுநீரகச் செயலிழப்பு வரை கொண்டுபோய்விடும்.

அளவெடுக்கும் முறை: படியேறி வந்த உடனேயோ, டீ குடித்த உடனேயோ, சிறுநீரை அடக்கிக்கொண்டோ பார்த்தால் அளவு கூடுதலாகக் காட்டும். பருமனான கைக்குச் சிறிய பட்டையைச் சுற்றினாலும் அப்படித்தான். 5 நிமிடம் அமைதியாக உட்கார்ந்து, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

விடுபடும் மாத்திரை: தலைவலி, மயக்கம் எதுவும் இல்லையே என்று நாமாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறோம். இந்நோய் பெரும்பாலும் அறிகுறி காட்டுவதில்லை. நோன்பு நாட்களில் காலை மாத்திரையை விட்டுவிடுவோரும் உண்டு. அதை ஸஹரிலோ நோன்பு திறந்த பிறகோ சாப்பிடலாமா என்று ரமளானுக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளலாம். நோன்பு வைக்க இயலாத நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது.

உப்பு: ஒரு நாளைக்கு 5 கிராமுக்கும் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். சோற்றில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று சாப்பிட்டால் கணக்கு சரியாகிவிடும். இந்துப்பும் உப்புதான்.

வேறு மருந்துகள்: மூட்டு வலிக்குக் கடையில் வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபினாக், ஐபுபுரூஃபன் போன்றவை உடலில் உப்பையும் நீரையும் தேக்கி அழுத்தத்தை ஏற்றும். மூக்கடைப்புக்கான சில மாத்திரைகள், ஸ்டீராய்டு, சில கருத்தடை மாத்திரைகள் ஆகியவையும் ஏற்றக்கூடும். இருமலுக்காக அதிமதுரத்தை நாள்கணக்கில் சாப்பிடுவதும் இதில் சேரும்.

குறட்டையும் எடையும்: உறக்கத்தில் மூச்சு விட்டுவிட்டு நிற்பவர்களுக்கு அழுத்தம் எளிதில் இறங்காது. பலத்த குறட்டை, பகலில் தூங்கி வழிவது ஆகியவை இதன் அடையாளங்கள். உடல் எடை கூடக் கூட இதுவும் கூடும்.

மறைந்திருக்கும் நோய்: சிறுநீரகக் கோளாறு, சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயின் சுருக்கம், அட்ரீனல் சுரப்பி ஆல்டோஸ்டிரோனை மிகையாகச் சுரப்பது, தைராய்டு கோளாறு ஆகியவை காரணமாக இருக்கலாம். இளம் வயதிலேயே அழுத்தம் கூடினாலோ, இரத்தத்தில் பொட்டாசியம் குறைவாக இருந்தாலோ இவற்றைச் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

வீட்டிலுள்ளவர்கள் செய்யக்கூடியது ஒன்றுண்டு. ஒரு வாரம் காலையும் மாலையும் அளவைப் பார்த்துக் குறித்து வையுங்கள். நாட்டு மருந்து, வலி மாத்திரை உட்பட நோயாளி சாப்பிடும் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். மருந்தைக் கூட்டுவதா, குறைப்பதா, மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும்.