படர்க்கையில் மாட்டிய கெவின் டுரான்ட்

பள்ளிக்கூடத்தில் தன்மை, முன்னிலை, படர்க்கைன்னு படிச்சது ஞாபகம் இருக்கா? நான், நீ, அவர். உலகின் தலைசிறந்த கூடைப்பந்து வீரர்களில் ஒருவர் இந்தச் சின்ன இலக்கணத்தில் மாட்டிக்கொண்ட கதைதான் இன்றைக்கு.

2017 செப்டம்பர். ட்விட்டரில் ஒரு ரசிகர் கெவின் டுரான்ட்டிடம் ஒரு கேள்வி கேட்கிறார். கோப்பை ஜெயிப்பதைத் தவிர, ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியை விட்டுப் போனதற்கு ஒரு நியாயமான காரணம் சொல்ல முடியுமா? டுரான்ட்டின் கணக்கிலிருந்தே பதில் வருகிறது: அவருக்கு அந்த நிர்வாகம் பிடிக்கவில்லை, பயிற்சியாளர் பில்லி டோனவனிடம் ஆடவும் பிடிக்கவில்லை. அணியும் சுமார்தான், அவரும் ரஸ்ஸல் வெஸ்ட்புரூக்கும் மட்டும்தான் இருந்தார்கள்.

'எனக்கு' இல்லை, 'அவருக்கு'! ஃபேக் ஐடியில் போட வேண்டியதை, மாற மறந்து சொந்த ஐடியில் போட்டுவிட்டார் என்று ஊரே முடிவு கட்டியது. பதிவுகளை அழித்தார்கள். ஆனா ஸ்கிரீன்ஷாட் அழியுமா?

இதில் எனக்கு ஆச்சரியம் ஃபேக் ஐடி இல்லை, நேரம்தான். 2016-ல் தண்டர், கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை 3-1 என்று மடக்கி வைத்திருந்தது. அங்கிருந்து தொடரைக் கோட்டைவிட்டது. அந்த வாரியர்ஸ் சாதாரண அணி இல்லை, அந்த சீசனில் 73 ஆட்டங்களை வென்ற அணி. சில வாரங்களில், தன்னைத் தோற்கடித்த அதே அணியில் டுரான்ட் போய்ச் சேர்ந்தார். ஜெர்சிகள் எரிந்தன. இன்ஸ்டாகிராமில் எங்கே பார்த்தாலும் பாம்பு எமோஜி. 2017 ஜூனில் கோப்பையும் வென்றார், இறுதித் தொடரின் சிறந்த வீரர் விருதும் வாங்கினார். அதுக்கு மேல என்ன வேணும்? மூணே மாசத்தில், முகம் தெரியாத ஒருவரிடம் தன்னை நிரூபிக்க உட்கார்ந்திருக்கிறார்.

2014-ல் எம்விபி விருது வாங்கியபோது சக வீரர்களைப் பெயர் சொல்லி, கண்ணீரோடு நன்றி சொன்னவரும் இவர்தான். இப்போது அந்த அணியில் மிச்சம் இருந்தவர்களைப் பற்றி, 'இவங்களை வச்சு அவர் எப்படி ஜெயிப்பார்' என்கிற தொனியில் ஒரு பதிவு. அதைப் படித்த பழைய தோழர்களை நினைச்சுப் பாருங்க. ரசிகர்களுக்கு மீம், அவர்களுக்கு அது வேற.

இரண்டு நாள் கழித்து சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தொழில்நுட்ப மாநாட்டு மேடையில் டுரான்ட் மன்னிப்புக் கேட்டார். ரசிகர்களுக்குப் பதில் சொன்னதற்கு வருத்தமில்லை, பயிற்சியாளரையும் பழைய அணியையும் இழுத்ததுதான் முட்டாள்தனம் என்றார். இன்ஸ்டாகிராமில் இன்னொரு கணக்கு உண்டு, அது குடும்பத்துக்கும் நண்பர்களுக்கும் மட்டும் என்றும் சொன்னார். ட்விட்டரில் உண்மையிலேயே இரண்டாவது கணக்கு இருந்ததா? சந்தேகம் மட்டும் தங்கிவிட்டது.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட ஐடிக்கு 'பர்னர்' என்று பெயர். பயன்படுத்தித் தூக்கி எறியும் மொபைலிலிருந்து வந்த சொல். அடுத்த வருஷமே அது இன்னும் பெரிய தலையைக் கேட்டது. 2018 மே 29 அன்று 'தி ரிங்கர்' ஒரு செய்தி வெளியிட்டது: ஃபிலடெல்ஃபியா 76ers அணியை நடத்திய பிரையன் கொலாஞ்சலோவோடு ஐந்து மர்ம ட்விட்டர் கணக்குகளுக்குத் தொடர்பு இருக்கலாம். இவர் வீரர் இல்லை, நிர்வாகி. அந்தக் கணக்குகள் சொந்த அணி வீரர் ஜோயல் எம்பீடையே குறை சொல்லின. அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. கொலாஞ்சலோவின் சட்டைக் காலர் ரொம்பப் பெரிசுன்னு யாரோ கிண்டல் செய்ய, அது சாதாரண காலர்தான் என்று ஒரு கணக்கு சண்டைக்கு வந்தது. கொலாஞ்சலோவின் காலருக்காக ராத்திரி உட்கார்ந்து வாதாட உலகத்தில் எத்தனை பேர் இருப்பாங்க, சொல்லுங்க?

விசாரணையில் கணக்குகளை நடத்தியது அவர் மனைவி என்று தெரியவந்தது. ஜூன் 7 அன்று கொலாஞ்சலோ பதவி விலகினார்.

டுரான்ட்டுக்கு அப்படி எதுவும் நடக்கவில்லை. 2018-லும் கோப்பை, மறுபடியும் இறுதித் தொடரின் சிறந்த வீரர். அதற்குப் பிறகும் அவர் முகம் தெரியாத ரசிகர்களோடு மல்லுக்கட்டுவதை நிறுத்தவில்லை. சொந்தப் பெயரில், 'நான்' என்று.